கிராமத்துப் பழைய பப்: நண்பர்களோடு காரில் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கே, பீக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதிகளின் பக்கம் நாலைந்து பேராக ஒரு காரில் போய், வழியில் இருக்கும் பழைய பப்பில் உட்கார்ந்துவிட்டு வர நினைப்பவர்களுக்கான பக்கம் இது. படிக்க அங்கே வந்த பிள்ளைகள், வேலைக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

பப் என்பதும் பார் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பெயரிலேயே வீடு இருக்கிறது. பெரும்பாலான கிராமத்துப் பப்களில் கீழே கடை, மாடியில் நடத்துபவரின் குடும்பம். அவரை 'லேண்ட்லார்டு' என்பார்கள், பெண் என்றால் 'லேண்ட்லேடி'. நம் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வாடகை வாங்கும் ஹவுஸ் ஓனர் நினைவுக்கு வருவார். பல இடங்களில் நிலைமை தலைகீழ்: மதுபானக் கம்பெனிக்கோ சொத்து நிறுவனத்துக்கோ வாடகை கட்டுகிறவரே அந்த லேண்ட்லார்டுதான்.

பாட்டி ஒரு மூலையில் சூப் குடிப்பார், விவசாயி செய்தித்தாள் படிப்பார், நாய் கணப்படுப்புக்கு முன்னால் படுத்திருக்கும். ஒளிந்து குடிக்கிற இடம் அல்ல. ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும்.

எங்கே போகலாம்? ஒன்றிரண்டு பெயர் சொல்லுங்கள்.

முதல்முறை என்றால் பீக் டிஸ்ட்ரிக்டில் ஈடேல் கிராமம். அங்கே உள்ள 'ஓல்டு நாக்ஸ் ஹெட்' 1577-லிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. 1965-ல் திறக்கப்பட்ட 268 மைல் நடைபாதையான பென்னைன் வே அதன் அருகேதான் தொடங்குகிறது. மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் ரயிலும் உண்டு. ஓட்டுநர் பிரச்சினையே வேண்டாம் என்றால் காரை விட்டுவிட்டு ரயிலில் போகலாம்.

இன்னும் வடக்கே, அதே நடைபாதையின் மேல், 'டான் ஹில் இன்'. கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான இடத்தில் உள்ள பப். ஊட்டியும் கொடைக்கானலும் ஏறியவர்களுக்கு இந்த எண் சிரிப்பை வரவழைக்கும். போய் இறங்கிப் பாருங்கள்: சுற்றிலும் ஒரு மரம் கிடையாது, வெற்றுப் பொட்டல், காற்று கார் கதவைப் பிடுங்கும். ஒரு காலத்தில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக நடந்த இடம். ஈடேலிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம், லண்டனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டம் போடாதீர்கள்.

சுவரில் '1189' என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

அந்த எண் நாட்டிங்ஹாம் கோட்டைப் பாறையை ஒட்டியுள்ள 'யி ஓல்டு டிரிப் டு ஜெரூசலம்' பப்பின் சுவரில் இருப்பது. இப்போது நிற்கும் கட்டடத்தின் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'இங்கிலாந்திலேயே பழையது நாங்கள்தான்' என்று சொல்லும் பப்கள் பல உண்டு. இருக்கும் கட்டடத்தின் வயது, அதே மனையில் முன்பு இருந்ததன் வயது, மது விற்க உரிமம் வாங்கிய வருடம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கைப் பிடித்துக்கொள்வதால் வழக்கு தீராது.

எண்ணை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். தேய்ந்து பள்ளமான கல்தளம், தலை இடிக்கும் உத்தரங்கள், ஒரே பெரிய ஹாலாக இல்லாமல் சின்னச் சின்ன அறைகள், காற்றைத் தடுக்க முதுகு உயர்த்திக் கட்டிய மரப்பெஞ்சு இவை நல்ல அடையாளங்கள். வெளியே கட்டடத்தின் நடுவில் உயரமான வளைவு வாசல் இருந்தால் குதிரை வண்டிகள் உள்ளே போய் மாற்றுக் குதிரை பூட்டிய சத்திரமாக இருந்திருக்கும். கதவுக்கு மேல் வருடம் பொறித்த கல்லை மட்டும் முழுக்க நம்பாதீர்கள். பழைய கல்லைப் புதுச் சுவரில் வைத்துக் கட்டுவது அங்கேயும் உண்டு.

பெயர்ப்பலகையில் படம் இருப்பதற்குக் காரணம் 1393-ல் இரண்டாம் ரிச்சர்டு போட்ட சட்டம். ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்பவர்கள் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்றது அது. எழுதப் படிக்கத் தெரியாத காலம் என்பதால் படமே பெயராக நின்றது. 'ராயல் ஓக்' என்ற பெயரை ஊருக்கு ஊர் பார்ப்பீர்கள். 1651-ல் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ் ஒரு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்துகொண்ட கதை அது.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

பயணம் சொதப்புவது பெரும்பாலும் இதில்தான். பப் திறந்திருக்கும், சமையலறை மூடியிருக்கும். இவை இரண்டும் வேறு வேறு நேரம். கிராமத்தில் மதியச் சாப்பாடு பொதுவாக 12-லிருந்து 2 அல்லது 2.30 வரை. இரவு 6-லிருந்து 8.30 அல்லது 9 வரை. மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான். திங்கட்கிழமை பல சமையலறைகளுக்கு விடுமுறை, சில இடங்களில் பப்பே திறக்காது. வாரநாளில் மதியம் மூடிவிட்டு மாலை ஐந்து மணிக்குத் திறப்பதும் உண்டு.

கூகுளில் போட்டிருக்கும் நேரம் பழையதாக இருக்கலாம். முந்தின நாள் போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: நாளை திறந்திருக்குமா, சமையலறை எத்தனை மணி வரை, இத்தனை பேருக்கு மேசை கிடைக்குமா. ஆறு பேருக்கு மேல் என்றால் மேசை பதிவு செய்யாமல் கிளம்பவே வேண்டாம். மொத்தமே பத்து மேசை இருக்கும் இடம்.

வழியில் என்ன கவனிக்க வேண்டும்?

கிராமப்புறத்தில் ஒரு அஞ்சல் குறியீடு மைல் கணக்கில் பரந்திருக்கும். அதை மட்டும் போட்டால் நேவிகேஷன் ஏதாவது பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். பப்பின் பெயரைத் தேடி வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். மலை இடுக்கில் சிக்னல் போய்விடும். பப்பின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைத் தடச் சாலைகளில் அங்கங்கே வண்டி ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அந்த இடம் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நின்று, எதிரில் வருகிறவரை அதற்குள் ஒதுங்க விடுங்கள். வலப்பக்கம் தாவிப் போய் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மேடேறி வரும் வண்டிக்கு வழி விடுவது மரபு. வழி விட்டவருக்குக் கை உயர்த்திக் காட்டாமல் போனால் உங்களை மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள். ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது.

வேலியில்லாத மேட்டு நிலங்களில் ஆடு சாலையிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால் இரண்டில் ஒன்று குறுக்கே ஓடும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். வேக வரம்பு 60 மைல் என்று இருப்பதால் அந்த வேகத்தில் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பெட்ரோலை கடைசிப் பெரிய ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.

பப்பின் கார் நிறுத்துமிடத்தில் கேமரா உள்ளதா என்று பலகையைப் பாருங்கள். இருந்தால் உள்ளே உள்ள சின்னத் திரையில் வண்டி எண்ணைப் பதிய வேண்டியிருக்கும். மறந்தால் இரண்டு வாரத்தில் அபராதக் கடிதம் வரும்.

ஓட்டுகிறவர் ஒரே ஒரு பைண்ட் (568 மி.லி. கிளாஸ்) பீர் குடிக்கலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். சட்டத்தின் பதிலையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால், மூச்சில் என்றால் 100 மி.லி.க்கு 35 மைக்ரோகிராம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து ரத்தத்தில் 50 மி.கி., மூச்சில் 22 மைக்ரோகிராம். எல்லைக்கு அருகே சுற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். வரம்பைத் தாண்டி ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 12 மாதம் ஓட்டத் தடை, சிறையும் கிடைக்கலாம். விசாவில் இருப்பவர்களுக்கு அந்தக் குற்றப்பதிவு அடுத்த விண்ணப்பத்திலும் வந்து நிற்கும்.

இத்தனை பைண்ட் என்றால் இத்தனை மி.கி. என்று கணக்குப் போட முடியாது. உடல் எடை, சாப்பிட்டதா இல்லையா, பீரின் வீரியம் எல்லாம் சேர்ந்து மாறும். 'மச்சான், மூணு மணி நேரம் கழிச்சுத்தானே கிளம்புறோம்' என்ற பேச்சு வரும் முன்பே, வீட்டில் கிளம்பும்போதே யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் பயணம் என்றால் இரண்டு பேர் பெயரையும் வாடகைக் கார் ஒப்பந்தத்தில் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்பீடு செல்லாது.

இரவு அங்கேயே தங்கிக் காலையில் ஓட்டினால் பிரச்சினை இல்லையே?

இருக்கலாம். கணக்கு இப்படி: மி.லி. அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 'யூனிட்' வரும். ஒரு பைண்ட் 568 மி.லி. 5% பீர் என்றால் ஒரு பைண்டில் 2.8 யூனிட். நான்கு பைண்ட் 11.4 யூனிட். உடல் தோராயமாக மணிக்கு ஒரு யூனிட்தான் கழிக்கும். இரவு 11 மணிக்குக் கடைசிக் கிளாஸை வைத்தவர் பாதுகாப்பாகக் கணக்கிட்டால் மறுநாள் காலை 10 மணி தாண்டித்தான் சாவியைத் தொட வேண்டும். காபியும் குளியலும் இதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது.

அறை கிடைக்கவில்லை. காரிலேயே தூங்கிவிட்டால்?

குடித்த நிலையில் சாவியோடு காரில் இருப்பதே, ஓட்டாவிட்டாலும், 'வண்டிப் பொறுப்பில் இருந்தது' என்ற தனிக் குற்றமாகலாம். ஓட்டும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. குடிக்காதவர் கையில் சாவி இருக்கட்டும்.

உள்ளே போனதும் எங்கே உட்காருவது? ஆர்டர் எடுக்க வருவார்களா?

வரமாட்டார்கள். உட்கார்ந்து அரைமணி காத்திருந்து 'கவனிக்கவே இல்லை' என்று கோபப்படுவது நம்மவர்களிடம் அடிக்கடி நடப்பது. ஒருவர் மேசையைப் பிடிக்கட்டும், மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும். மேசை ஓரத்தில் சின்னப் பித்தளைத் தகட்டில் இருக்கும். இன்னொருவர் பார் மேடைக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன் யார் வந்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களை முதலில் கேட்டால், 'இவர் எனக்கு முன்னால் வந்தவர்' என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே பெரிய மதிப்பு. விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, 'ஹலோ' என்று கத்துவது வேண்டாம்.

பாரில் கேட்கும்போதே எல்லாருடைய பானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கின்னஸ் என்ற கறுப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். பாதி ஊற்றி, நுரை அடங்க விட்டுப் பிறகு நிரப்புவார்கள். அந்த இடைவெளியில் மற்றவை தயாராகிவிடும். கடைசியில் சொன்னால் மொத்தப் பேரும் அதற்காக நிற்க வேண்டும்.

கணப்படுப்பை ஒட்டிய தனி ஸ்டூல் காலியாக இருந்தாலும் கேட்டுவிட்டு உட்காருங்கள். தினமும் ஆறு மணிக்கு வருகிற ஒருவருடைய இடமாக இருக்கலாம். சேற்று பூட்ஸோடு வந்தால் கல்தளம் உள்ள அறைக்குப் போங்கள், கம்பளம் உள்ள அறைக்கு வேண்டாம்.

'இது என் ரவுண்டு' என்றால் என்ன?

நம்மூரில் 'மூணு ரவுண்டு போட்டான்' என்றால் ஒருவன் தனக்கு மூன்று தடவை ஊற்றிக்கொண்டான் என்று பொருள். அங்கே ரவுண்டு என்றால் ஒருவர் எழுந்துபோய்க் கூட இருக்கும் எல்லாருக்கும் வாங்கி வருவது. அடுத்த முறை அடுத்தவர். மொய் நோட்டு மாதிரிதான், எழுதி வைக்காத மொய். வாங்கிக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது கழிவறைக்குப் போகிறவரை ஊர் மறக்காது.

ஆறு பேர் இருந்தால் எல்லாரும் முறை முடிக்க ஆறு கிளாஸ் ஆகிவிடும். அதனால் இரண்டிரண்டு பேராகவோ மூன்று பேராகவோ பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது ஆளுக்கு இருபது பவுண்டு போட்டுப் பொதுப்பணம் சேர்த்து ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஓட்டுகிறவருக்கும் குடிக்காதவருக்கும் வாங்க வேண்டிய முறையிலிருந்து விலக்கு கொடுப்பது நியாயம். பைண்ட் ஒன்று தோராயமாக 4 முதல் 6 பவுண்டு வரும்.

பம்ப் கைப்பிடி நாலைந்து இருக்கிறதே, எதைக் கேட்பது?

நீளமான மரக் கைப்பிடியை இழுத்து ஊற்றுவது 'காஸ்க் ஏல்'. பழைய பப்புக்குப் போவதற்கே இதுதான் காரணம். ஒரு இழுப்புக்கு வழக்கமாக அரை பைண்ட் வரும், ஆகவே இரண்டு இழுப்பும் சின்ன நிரப்பும். கைப்பிடியின் முன் தொங்கும் வில்லையில் பெயரும் சதவீதமும் இருக்கும். வில்லையைத் திருப்பி வைத்திருந்தால் அந்தப் பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை.

முதல்முறை குடிப்பவருக்கு 3.8 முதல் 4.2% வரை உள்ள 'பிட்டர்' அல்லது 'கோல்டன் ஏல்'. பெயர் பிட்டர் என்றாலும் பாகற்காய்க் கசப்பு இல்லை. 'மைல்டு' கறுப்பாக இருக்கும், வீரியம் குறைவு. 'போர்ட்டர்' வறுத்த காபி மணத்தோடு இருக்கும். தெரியாவிட்டால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், கொடுப்பார்கள். கூட்டம் நெரியும்போது ஐந்து வகையைச் சுவைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

'சைடர்' என்றால் ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துக் குடிக்காதவருக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 4.5%-லிருந்து 8% வரை போகும் மது அது.

பீர் ஏன் கூலிங்காக இல்லை?

கெட்டுப்போனதால் அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். காஸ்க் பீர் பப்புக்கு வரும்போது முழுதாக முடிந்திருக்காது. ஈஸ்ட் உயிரோடு இருக்கும், நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசி நொதித்தல் நடக்கும். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் அதற்கு ஏற்ற சூடு. அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும், கலங்கவும் கூடும். சூடேறினால் வேகமாகப் புளிக்கும். ஐஸ் மாதிரி வேண்டும் என்றால் லாகர் கேளுங்கள். அது வாயு அழுத்தத்தில், குளிரூட்டிய குழாய் வழியே வருவது.

வடக்கே ஊற்றும் குழாய் முனையில் ஓட்டை போட்ட சின்ன மூடி மாட்டியிருப்பார்கள். பீர் அதன் வழியே பீய்ச்சி வருவதால் டிகிரி காபி நுரை போல் கட்டியாக நிற்கும். தெற்கே அந்த மூடி இல்லை, நுரை மெல்லிசு. யார்க்‌ஷயர்க்காரரிடமும் லண்டன்காரரிடமும் எது சரி என்று கேட்டுவிடாதீர்கள், சாப்பாடு ஆறிவிடும்.

கெட்ட பீரை எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பிக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். வினிகர் புளிப்பு என்றால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. நனைந்த அட்டை வாசம் என்றால் காற்றுப் பட்டுப் போனது. உருக்கிய வெண்ணெய் வாசம் என்றால் நொதித்தல் சரியாக முடியவில்லை. கலங்கல் மட்டும் குற்றம் ஆகாது. சில பீர்களை வேண்டுமென்றே கலங்கலாக விடுகிறார்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாய், இரண்டு வாய்க்குள் பாருக்குக் கொண்டுபோய், குரலை உயர்த்தாமல், 'இது சரியாக இல்லை போலிருக்கிறது' என்றால் நல்ல பப்பில் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்துவிட்டுப் போனால் மாற்ற மாட்டார்கள்.

கெடுவதற்கான காரணம் எளிய கணக்கு. வழக்கமான பீப்பாய் 'ஃபர்கின்', அதில் 9 கேலன், 72 பைண்ட். பீர் இறங்க இறங்க உள்ளே காற்று புகும், திறந்த மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஆக ஒரு கைப்பிடிக்கு நாளைக்கு 24 பைண்ட். செவ்வாய்க்கிழமை மாலை நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பப்பில் எட்டுக் கைப்பிடி இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டே கைப்பிடி உள்ள சின்ன பப்பில்தான் பல நேரம் நல்ல பீர் கிடைக்கும். பக்கத்தில் உள்ளவர்கள் எதைக் குடிக்கிறார்களோ அதைக் கேட்பது இன்னும் சுலபமான வழி. திறந்த உடனே முதல் ஆளாகப் போனால் இரவு முழுக்கக் குழாயில் நின்ற பீர் வரலாம். அக்கறையுள்ளவர்கள் அதை முதலில் இழுத்துக் கொட்டிவிடுவார்கள்.

குடிக்காதவர் என்ன கேட்பது?

லைம் சோடா மலிவு. 0.0% பீர் இப்போது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. 'லோ ஆல்கஹால்' என்று போட்டிருந்தால் 1.2% வரை இருக்கலாம், அறவே தொடாதவர்கள் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஷாண்டி என்பது பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா. அதிலும் மது உண்டு. தேநீர் கேட்டாலும் யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

சைவம் கிடைக்குமா? மாட்டிறைச்சி சேராதவர்கள் எதைத் தவிர்க்க வேண்டும்?

மெனுவில் சைவக் குறியீடு இருக்கும், கிடைக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் கவனம் வேண்டும்.

யார்க்‌ஷயர் பக்கம் உருளைக்கிழங்கு சிப்ஸை (பாக்கெட் சிப்ஸ் அல்ல, தட்டில் சூடாக வரும் நீளத் துண்டு வறுவல்) மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். 'எண்ணெயா, டிரிப்பிங்கா?' என்று கேளுங்கள். மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸும் பொரிப்பார்கள். யார்க்‌ஷயர் புட்டிங் பெயரில்தான் புட்டிங், மாவும் முட்டையும் பாலும் கலந்து சூடான கொழுப்பில் ஊற்றி உப்ப வைப்பது. அந்தக் கொழுப்பு எது என்பதுதான் கேள்வி. கிரேவி பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. 'ஸ்டேக் அண்ட் ஏல் பை' மாடு. கேமன், ஸ்காட்ச் எக், 'டோட் இன் த ஹோல்' மூன்றிலும் பன்றி. பிளாக் புட்டிங் பன்றி ரத்தம். ரத்தப் பொரியல் சாப்பிடுகிறவர்கள் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

பீரிலும் ஒரு விஷயம் உண்டு. காஸ்க் பீரைத் தெளிய வைக்க 'ஐசிங்கிளாஸ்' என்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. கண்டிப்பான சைவர்கள் 'வீகன்' என்று குறித்த பீரைக் கேட்க வேண்டும்.

'பிளவ்மேன்ஸ் லஞ்ச்' பாதுகாப்பான மதியச் சாப்பாடு: ரொட்டி, பெரிய சீஸ் துண்டு, வெங்காய ஊறுகாய், இனிப்பு சட்னி. ஹாம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழங்கால உழவர் உணவு என்று தோன்றும். அந்தப் பெயரைப் பரப்பியது 1950-களில் சீஸ் விற்பனையைக் கூட்ட நடந்த விளம்பரம். சாப்பிட நன்றாக இருக்கிறது, அது போதும்.

சைட் டிஷ் தருவார்களா? கையில் முறுக்கு கொண்டுபோகலாமா?

சுண்டல், ஆம்லெட், மிளகு வறுவல் எதுவும் கூட வராது. சிப்ஸ் பாக்கெட், வறுத்த நிலக்கடலை, பன்றித்தோல் வறுவல் இவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து மேசை நடுவில் விரித்து வைத்தால் எல்லாருக்கும் பொது என்று அர்த்தம். வெளியிலிருந்து கொண்டுவந்த உணவைப் பிரிக்கக் கூடாது, பின்பக்கத் தோட்ட மேசையும் இதில் சேர்த்தி. புளியோதரை டப்பாவை வழியில் எங்காவது காரை நிறுத்திக் காலி செய்துவிட்டு வாருங்கள்.

ஞாயிறு ரோஸ்ட் அவ்வளவு விசேஷமா?

சரியான இடத்தில் சாப்பிட்டால், ஆமாம். வறுத்த இறைச்சி, மொறுமொறு உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், காய்கள், கிரேவி. சைவர்களுக்குக் கொட்டைப்பருப்பு ரோஸ்ட் வைத்திருப்பார்கள், கிரேவியைத் தனியாகக் கேளுங்கள். காலையில் ஒருமுறை வறுப்பதுதான், தீர்ந்தால் தீர்ந்தது. 12.30 அல்லது 1 மணிக்கு மேசை பதியுங்கள். மூன்றரைக்குப் போனால் உலர்ந்த துண்டும் தொய்ந்த உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும்.

குழந்தைகளோடு போகலாமா? வயதுச் சான்று கேட்பார்களா?

சாப்பாடு போடும் பப்களில் குழந்தைகள் வரலாம். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் அனுமதிப்பது நடத்துபவர் விருப்பம். 18 வயதுக்குக் கீழே மது வாங்க முடியாது. 16, 17 வயதினர் பெரியவரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கித் தந்த பீர், வைன் அல்லது சைடர் குடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பப் மறுத்தால் வாதாட முடியாது.

25 வயதுக்குக் கீழே தெரிந்தாலே சான்று கேட்பது வழக்கம். ஆதாரையோ போனில் உள்ள படத்தையோ நம்பிப் போகாதீர்கள், பாஸ்போர்ட் அல்லது பிரிட்டிஷ் லைசென்ஸ் அட்டை வேண்டும். நாலு பேரில் ஒருவரிடம் சான்று இல்லாவிட்டால் மற்ற மூவருக்கும் கொடுக்க மறுக்கலாம். அவருக்கு வாங்கிக் கொடுத்துவிடுவீர்கள் என்ற பயம்தான் காரணம்.

டிப்ஸ்?

பாரில் வாங்கும் பானத்துக்குக் கிடையாது. மனம் வந்தால் பணம் கட்டும்போது 'உங்களுக்கும் ஒன்று' என்று சொல்லலாம், ஒரு பானத்தின் விலையைச் சேர்த்துக்கொள்வார்கள். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறினால் பத்து சதவீதம், பில்லில் ஏற்கெனவே சேர்க்கவில்லை என்றால். கார்டு எங்கும் எடுப்பார்கள். இணையம் போய்விடும் இடங்களுக்கு நாற்பது பவுண்டு ரொக்கம் வைத்திருங்கள்.

டார்ட்ஸ் விளையாடலாமா?

அம்பு பாரில் கிடைக்கும். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர், நிற்கும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர். சுவரில் உள்ள கரும்பலகையில் யாராவது பெயர் எழுதியிருந்தால் அடுத்த ஆட்டம் அவருடையது. ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே நடக்காதீர்கள். இரண்டு கிளாஸுக்கு மேல் போனவர்களை ஓரமாக உட்கார வையுங்கள்.

மணி அடிக்கிறார்களே, ஏன்?

முதல் மணி, கடைசியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்கு. இரண்டாவது மணி, விற்பனை முடிந்தது என்பதற்கு. அதன் பிறகு கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இருபது நிமிடம் போல விடுவார்கள். கூட்டம் இல்லாத வாரநாளில் கிராமத்துப் பப் ஒன்பதரைக்கே மூடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். டாக்சி வேண்டும் என்றால் மாலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். போனில் அழைத்தால் ஐந்து நிமிடத்தில் வர அங்கே வண்டி இல்லை.

மாடியில் அறை எடுத்தால் நன்றாக இருக்குமா?

ஓட்டுநர் பிரச்சினை தீரும், அதுவே பெரிய நன்மை. சனிக்கிழமை மட்டும் தராமல் இரண்டு இரவு எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். தளம் சாய்ந்திருக்கும், மரப்படி கிறீச்சிடும், பாருக்கு நேர் மேலே உள்ள அறையில் பதினொரு மணி வரை சத்தம் வரும். பதியும்போதே பின்பக்க அறை கேளுங்கள். வரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். வரவேற்பு மேசை என்று தனியாக ஒன்று இல்லை, பாரில் இருப்பவர்தான் சாவி தருவார். கேம்பர் வேனில் போகிறவர்கள் இரவுச் சாப்பாடு அங்கேயே சாப்பிடுவதாகச் சொல்லிக் கேட்டால் நிறுத்துமிடத்தில் தங்கவிடும் பப்களும் உண்டு. கேட்காமல் நிறுத்தக் கூடாது.

குளிர்காலத்தில் போகலாமா?

கணப்படுப்பில் விறகு எரியும் பப்பை அனுபவிக்க நவம்பர் முதல் பிப்ரவரிதான் சரியான காலம். டிசம்பர் வாக்கில் நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் மலைச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். 2021 நவம்பர் 26, வெள்ளி இரவு, ஆர்வென் புயலில் டான் ஹில் இன்னைச் சுற்றிப் பனி மூடி, மின்கம்பிகள் சாலையில் விழுந்தன. ஓயாசிஸ் குழுவின் பாடல்களைப் பாட வந்திருந்த இசைக்குழுவும் கேட்க வந்தவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூன்று இரவு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள், வினாடி வினா நடத்தினார்கள், பாட்டுப் பாடினார்கள், திங்கட்கிழமைதான் கீழே இறங்க முடிந்தது. பீரும் சாப்பாடும் தீரவில்லை.

ஆகவே காரில் மண்வெட்டி, ஆளுக்கொரு போர்வை, டார்ச், போன் சார்ஜர், தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கு மூன்று நாள் மருந்து கூடுதலாக. கிளம்பும் காலையில் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பப்புக்குப் போன் செய்து சாலை எப்படி என்று கேளுங்கள். அம்பர் (ஆரஞ்சு) அல்லது சிவப்பு என்றால் பள்ளத்தாக்கில் உள்ள வேறு பப்புக்குப் போங்கள்.

நாய்?

நாயைக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே ஏற்கெனவே படுத்திருக்கும் நாயைத் தொடும் முன் உடையவரைக் கேளுங்கள். நாய்க்குப் பயம் என்றால் மேசை பதியும்போதே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு அறையில் இடம் கொடுப்பார்கள். பல இடங்களில் சாப்பாட்டு அறைக்குள் நாய்களுக்கு அனுமதி இல்லை.